எஞ்சின் ஒயில்: கடைக்குப் போக முதல் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் பாருங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொக்குவிலில் இருக்கிற மாமா கோல் எடுத்தார். “மருமோன், ஹெட் கஸ்கற் போட்டுதாம், எஞ்சின் இறக்கவேணுமாம், ஒருக்கா வந்து பார்” என்றார், குரலே சரியில்லை. போய்ப் பொனற்றைத் திறந்து, ஒயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றினால் அதன் அடிப்பக்கம் முழுக்க வெள்ளையும் மஞ்சளும் கலந்த களி, தயிராடை மாதிரி, விரலால் வழித்து எடுக்கக்கூடிய அளவுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் ஒரு கராஜில், தண்ணியும் ஒயிலும் கலக்காமல் தடுக்கிற ஹெட் கஸ்கற் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். ஒயில் அளவு பார்க்கிற டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தேன், ஒயில் கறுப்புத்தான், பால் நிறம் இல்லை. றேடியேற்றர் தண்ணி குறையவில்லை, எஞ்சின் சூடு ஏறவில்லை, சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகையும் வரவில்லை. கஸ்கற் போயிருந்தால் இந்த நாலில் ஒன்றாவது காட்டிக் கொடுத்திருக்கும்.

“மாமா, காரை எங்கையெல்லாம் கொண்டு போறனீங்கள்?” என்று கேட்டேன். காலையில் திருநெல்வேலிச் சந்தை, வெள்ளிக்கிழமை நல்லூர், இடைக்கிடை வங்கி, மழை பெய்தால் பேத்தியை ரியூசனில் இறக்குவது. எல்லாமே மூன்று கிலோமீற்றருக்கு உள்ளே. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சேர்விஸ் ஸ்ரிக்கரில் பார்த்தால் அடுத்த ஒயில் மாற்றத்துக்கு இன்னும் 1800 கிலோமீற்றர் இருக்கிறது. சரி, எப்போது ஊற்றின ஒயில்? இரண்டு வருசம் ஆகப்போகிறது.

விசயம் இதுதான். யாழ்ப்பாணத்தில் ஒயில் பற்றிக் கதை தொடங்கினால் முதலில் வருவது “எங்கட வெயிலுக்கு தடிப்பான ஒயில்தான் சரி” என்ற வசனம். நான் சொல்வேன், இங்கே கனக்கக் கார்களின் ஒயிலைக் கெடுப்பது வெயில் இல்லை, எஞ்சின் சரியாகச் சூடாகாமலே நின்றுவிடுகிற குட்டி ஓட்டங்கள்தான்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணி ஆவியாக உண்டாகிறது. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் காலையில் கார் எடுக்கும்போது சைலன்சர் வாயால் சொட்டுகிற தண்ணி அதுதான். பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே ஒயில் இருக்கிற சம்புக்குள் இறங்கும், அதோடு எரியாத பெற்றோலும் கொஞ்சம் சேர்ந்து இறங்கும், குளிர் எஞ்சின் பெற்றோலைக் கூடக் குடிப்பதால் அந்தப் பங்கும் கூட. எஞ்சின் நன்றாகச் சூடாகி அரை மணித்தியாலம் ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று கிலோமீற்றரில் நிற்பாட்டினால்? உள்ளேயே தங்கிவிடும். நாளுக்கு நாள் சேர்ந்து ஒயிலோடு அடிபட்டுக் களியாகும், அமிலமாகும், ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். மீற்றர் போட்டில் சூட்டு முள் நாலைந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். அது கூலன்ற் தண்ணியின் சூடு. ஒயில் சூடாக அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். கார்க் கம்பனிகளின் புத்தகங்களில் ‘கடுமையான பாவனை’ என்று ஒரு பகுதி இருக்கும், தூசி, பாரம், நின்றபடி எஞ்சின் ஓடுவது எல்லாம் அதில் வரும், ஒவ்வொரு முறையும் எட்டுக் கிலோமீற்றருக்குக் குறைவாக ஓடுவதும் பல புத்தகங்களில் அதே பட்டியலில்தான் இருக்கிறது. மாமா தன் காரைப் பூப்போல வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார், கம்பனிக் கணக்கில் அது கடும் உழைப்பு.

பெற்றோலோ மண்ணெண்ணெயோ ஒயிலில் கலந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊர்க்காரருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமும் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஆட்கள் நாங்கள். அப்பாவின் மொறிஸ் மைனரில் டிப் ஸ்ரிக்கை இழுத்தால் ஒயில் குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போகும், விரலில் தொட்டு மணந்தால் குப்பி விளக்கு வாசம். அப்போது “பாத்தியா, எங்கட எஞ்சின் ஒயிலே குடிக்கிறேல்லை” என்று பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறோம். இன்றைக்கும் அதே பிழையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டிப் ஸ்ரிக்கில் அளவு குறையவில்லை என்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்றுதான் எப்போதும் அர்த்தம் இல்லை, எரிந்து போன ஒயிலின் இடத்தைப் பெற்றோல் பிடித்திருக்கலாம். அளவு கூடியிருந்தாலோ பெற்றோல் மணந்தாலோ கிலோமீற்றர் பார்க்காதீர்கள், மாற்றுங்கள்.

இனி ஒயில் கானில் இருக்கிற இலக்கங்களுக்கு வருவோம். 5டபிள்யூ-30 என்று இருந்தால் முதல் பாதி குளிரில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பது, டபிள்யூ என்றால் குளிர்காலம். 0டபிள்யூ என்பதைச் சோதிப்பது மைனஸ் 35 பாகையில், 5டபிள்யூவை மைனஸ் 30இல். எங்களுக்கு மார்கழி மழையில் 22 பாகைக்கு இறங்கினாலே ஸ்வெற்றர் தேடுகிற ஊர், ஆகவே அந்த முதல் இலக்கத்துக்காக மண்டையை உடைக்கத் தேவையில்லை. இரண்டாவது இலக்கம்தான் முக்கியம். அது 100 பாகை சூட்டில் ஒயிலின் தடிப்பு. 20, 30, 40, 50 என்று ஏற ஏறத் தடிப்புக் கூடும்.

அந்த ‘எங்கட வெயில்’ கதையை இங்கே முடித்துவிடுகிறேன். எஞ்சினுக்குள் ஒரு தேர்மோஸ்ராற் இருக்கிறது, அது தண்ணியை 80, 90 பாகை அளவில் பிடித்து வைத்திருப்பதற்காகவே இருக்கிறது, வெளியே கிளிநொச்சி வெயிலா நுவரெலியாக் குளிரா என்று அது பார்ப்பதில்லை. சூடாகி ஓடுகிற எஞ்சினில் ஒயில் 90இலிருந்து 110 பாகைக்குள் எங்கோ இருக்கும். வெளியே 28 இருந்தால் என்ன 34 இருந்தால் என்ன, உள்ளே பெரிய வித்தியாசம் இல்லை. ரோக்கியோவில் ஆகஸ்ட் மாதத்தில் 35 பாகை போகும், அங்கேயும் அதே கார் அதே 0டபிள்யூ-20 ஒயிலில்தான் ஓடுகிறது. ஜப்பான் எல்லாம் பனி என்று நினைத்துக்கொண்டு 20டபிள்யூ-50 ஊற்றுவது எஞ்சினுக்குச் செய்கிற உபகாரம் இல்லை. இப்போதைய எஞ்சின்களில் வால்வ் நேரத்தை மாற்றுகிற வேலையையே ஒயில் அழுத்தம்தான் செய்கிறது, அதற்குப் போகிற துவாரங்கள் மிகச் சின்னவை. கூழ் மாதிரி ஒயில் காலையில் அந்தத் துவாரங்களுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும், ஆகக் கூடிய தேய்மானமும் அந்த நேரத்தில்தான். பெற்றோலும் கூடப் போகும்.

உங்கள் காருக்கு எந்த இலக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒயில் மூடியைப் பாருங்கள், பல கார்களில் அதிலேயே பொறித்திருக்கும். இல்லையென்றால் புத்தகம். ஜப்பானிலிருந்து வந்த காரென்றால் புத்தகமும் ஜப்பான் மொழியில்தான் இருக்கும், ஒரு எழுத்தும் விளங்காது, ஆனால் இலக்கம் எல்லா மொழியிலும் இலக்கம்தானே, ஒயில் அட்டவணை இருக்கிற பக்கத்தைப் புரட்டினால் பிடிபடும். பல புத்தகங்களில் ஒன்று மட்டும் இல்லாமல் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று இரண்டு மூன்று தந்திருப்பார்கள். அந்தக் கோட்டுக்குள்ளே உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ப விளையாடலாம், கோட்டைத் தாண்ட வேண்டாம்.

மாமா மாதிரிச் சந்தையும் கோயிலும்தான் என்றால் அட்டவணையில் இருப்பதில் மெல்லியதை எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், 1500 கிலோமீற்றர்தான் ஓடியிருந்தாலும் மாற்றுங்கள். ‘ஃபுல் சிந்தெற்றிக் ஊற்றினால் ஒரு வருசம் ரெண்டு வருசம் பார்க்கத் தேவையில்லை’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். சிந்தெற்றிக், அதாவது செயற்கையாகத் தயாரித்த ஒயில், சூட்டை நன்றாகத் தாங்கும், கெதியில் களியாகாது, உண்மை. ஆனால் சம்புக்குள் இறங்குகிற தண்ணிக்கும் பெற்றோலுக்கும் அது விலை உயர்ந்த ஒயில் என்று தெரியாது. இரண்டு வருசம் கிடக்கிற விலை கூடிய ஒயிலை விட ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற நடுத்தர ஒயில் இந்த ஓட்டத்துக்கு நல்லது, காசும் அவ்வளவு வித்தியாசப்படாது. அதோடு இரண்டு கிழமைக்கு ஒருதரம் காரை ஒரு நல்ல ஓட்டம் கூட்டிப் போங்கள். பருத்தித்துறைக்குப் போய் ஒரு தோசை சாப்பிட்டு வரலாம், காங்கேசன்துறைக் கடற்கரைக்குப் போகலாம். மாமாவின் காரை நான் ஆனையிறவு வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன், போகவர நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட. வந்து மூடியைக் கழற்றினால் களி முக்கால்வாசி கரைந்து போயிருந்தது. அடுத்த நாள் ஒயிலும் பில்டரும் மாற்றினோம். எஞ்சின் இறக்கவில்லை.

கொழும்பு ஓட்டம் வேறு கதை. மாதத்தில் இரண்டு மூன்று தரம் ஏ9இல் ஏறி நானூறு கிலோமீற்றர் போகிற காருக்கு உண்மையில் அது நிம்மதியான ஓட்டம், சூடாகின எஞ்சின் ஒரே வேகத்தில் போகும், ஒயில் காய்ந்து சுத்தமாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் புத்தகம் சொல்கிற முழு இடைவெளிக்கும் போகலாம், கறுப்பாகிவிட்டதே என்று 3000 கிலோமீற்றரில் மாற்றத் தேவையில்லை. (கறுப்பாகிறது அழுக்கைக் கழுவிப் பிடித்து வைத்திருப்பதால். டீசலில் மாற்றி ஒரு கிழமையிலேயே கறுத்துவிடும், அதற்குக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.) ஐந்து பேர், டிக்கி நிறையப் பொதி, பனங்கிழங்கும் மாம்பழமுமாக, ஏசியும் போட்டுக்கொண்டு விரட்டுகிற பழக்கம் என்றால் மட்டும் அட்டவணையில் இருக்கிறதில் ஒரு படி தடிப்பானதை, 20உம் 30உம் இருந்தால் 30ஐ, எடுப்பது நியாயம். இங்கே சிந்தெற்றிக் போடுகிற காசுக்கும் பலன் இருக்கிறது. புறப்பட முதல் ஒருதரம், வவுனியாவில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது ஒருதரம் டிப் ஸ்ரிக் பாருங்கள், பழைய எஞ்சின் நீண்ட ஓட்டத்தில் அரை லீற்றர் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும்.

வாடகை வான் வைத்திருக்கிறவர்கள், உங்களுக்கு ஆடி ஆவணிதான் சோதனைக் காலம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்களை ஏற்றி இறக்கி, வெயிலுக்குள் வேப்பமர நிழல் தேடி நிற்பாட்டிவிட்டு, உள்ளே குழந்தை நித்திரை என்று ஏசியோடு எஞ்சினை ஒரு மணித்தியாலம் ஓடவிடுவீர்கள். கிலோமீற்றர் மீற்றர் அசையாது, எஞ்சின் உழைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் மீற்றரை நம்பாதீர்கள், வழமையாக ஓடுகிறதில் மூன்றில் இரண்டு பங்கிலேயே மாற்றிவிடுங்கள். டீசல் வானுக்கு இலக்கத்தோடு எழுத்தும் பார்க்க வேண்டும். பெற்றோல் ஒயிலுக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) தரம் எஸ் என்று தொடங்கும், டீசலுக்கு சி. பழைய டீசல் ஹயேஸ், ரவுண்ஏஸ் மாதிரியானதுக்கு 15டபிள்யூ-40, சிஐ-4 தரம் தாராளமாகப் போதும். புகைக் குழாயில் டிபிஎப் வடிகட்டி இருக்கிற புதிய டீசல் என்றால் அதற்கென்று சாம்பல் குறைந்த ஒயில் இருக்கிறது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும், வேறொன்றை ஊற்றினால் வடிகட்டி அடைத்து, ஒயிலில் மிச்சம்பிடித்த காசு பல மடங்காகப் போகும்.

பெற்றோல் காரில் எஸ் வரிசை அகரவரிசைப்படி புதிதாகிக்கொண்டு போகிறது. எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல், எஸ்கியூ 2025இல். புதியது பழைய தரத்தின் இடத்தை நிரப்பும், ஆகவே புத்தகத்தில் எஸ்எம் என்று இருந்தால் எஸ்பி ஊற்றலாம், மறுபக்கமாகச் செய்யக்கூடாது. ஒரு லீற்றர் எஞ்சினில் ரேர்போ பூட்டின புதுக் கார்களுக்கு எஸ்பிக்குக் கீழே போகவே வேண்டாம், அந்த எஞ்சின்களில் நேரத்துக்கு முதலே எரிந்து பிஸ்ரனை உடைக்கிற ஒரு வியாதி இருக்கிறது, எஸ்பியில் அதற்கு மருந்து சேர்த்திருக்கிறார்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் தங்கள் எஞ்சின் பாதி நேரம் நிற்கிறது, ஆகவே ஒயிலும் பாதிதான் தேயும் என்று கணக்குப் போடுகிறார்கள். தலைகீழ். ஸ்ரான்லி வீதி நெரிசலில் எஞ்சின் நிற்கும், வரும், நிற்கும், ஒருபோதும் முழுச் சூட்டுக்கு வராது. மாமாவின் கதையேதான், கொஞ்சம் நவீனமாக. இவற்றுக்குப் பெரும்பாலும் 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-16 கேட்பார்கள், அதையே ஊற்றுங்கள், கிலோமீற்றரோடு எத்தனை மாதம் ஆச்சு என்றும் பாருங்கள்.

பழைய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் இன்னும் வைத்திருக்கிறவர்களுக்கு (எங்களை விட்டால் இந்தக் கார்களை இப்படித் தாங்குகிற ஊர் குறைவு) நான் மேலே சொன்ன மெல்லிய ஒயில் உபதேசம் ஒன்றும் பொருந்தாது. உங்கள் எஞ்சினில் இடைவெளிகள் பெரிது, வால்வைத் திறக்கிற கேமும் ரப்பெட்டும் ஒன்றின் மேல் ஒன்று உரசுகிற வகை, அதற்கு ஒயிலில் சிங்க் கலந்த ஒரு சேர்மானம் நன்றாக இருக்க வேண்டும். புதுக் கார்களின் மெல்லிய ஒயில்களில் புகைச் சட்டத்துக்காக அதைக் குறைத்துவிட்டார்கள். உங்களுக்கு நல்ல 20டபிள்யூ-50. ‘எஸ்பி, ஃபுல் சிந்தெற்றிக், 0டபிள்யூ-20’ என்று கடைக்காரர் புதுசைக் காட்டினால் “இது எங்கட ஐயாவின்ர கார் தம்பி” என்று சொல்லிப் பழசையே வாங்குங்கள்.

புகை கக்குகிற எஞ்சினுக்குத் தடிப்பான ஒயில் ஊற்றிப் புகைப் பரிசோதனை முடித்துக்கொள்வது ஊரறிந்த வித்தை. கொஞ்ச நாள் அடங்கும், தேய்ந்த றிங் வளராது.

தூசியையும் மறக்கக்கூடாது. வலிகாமத்துச் செம்மண் தோட்டப் பாதையால் தினம் போகிறவர்கள், மருதங்கேணிப் பக்கம் மணல் ஒழுங்கைகளில் ஓடுகிறவர்கள், எயார் பில்டரை ஒயிலோடு சேர்த்துப் பாருங்கள். பில்டரைத் தாண்டுகிற மண் ஒயிலில் கலந்து அரைக்கிற கல்லாகிவிடும், எந்த விலை ஒயிலும் அதைத் தாங்காது.

வாங்கும்போது சில விசயம். பரலிலிருந்து அளந்து ஊற்றுகிறதைத் தவிருங்கள், உள்ளே என்ன என்று ஊற்றுகிறவருக்கே சிலவேளை தெரியாது. கானின் சீல் வளையம் உடையாமல், மூடியிலும் கானிலும் தொகுதி இலக்கம் பொருந்தி இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று ஊற்றுவதைப் பாருங்கள், அப்புறம் வெறும் கானை வாங்கி ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள், அந்தக் கான் இன்னொருவருக்கு ‘புதுசாக’ வராது. நான் ஒரு இடத்தில் இதைச் செய்தபோது அங்கே நின்ற பெடியன் முகம் சுளித்தான், பரவாயில்லை. மோட்டார் சைக்கிளுக்குக் கார் ஒயிலை ஊற்றாதீர்கள், மெல்லிய கார் ஒயிலில் சைக்கிளின் கிளச் வழுக்கும், அதற்கு ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரம் போட்டிருக்கிறதை வாங்க வேண்டும்.

அளவு: ஒரு லீற்றர் எஞ்சின் சின்னக் கார் மூன்று லீற்றருக்குக் கிட்ட எடுக்கும், 1.5 எஞ்சின் ரொயோற்றா ஆக்சியோ பில்டரோடு 3.7. நாலு லீற்றர் கான் வாங்கினோமே, மிச்சத்தை என்ன செய்கிறது என்று எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மேல் கோட்டைத் தாண்டினால் சம்புக்கு மேலே சுழலுகிற கிராங் தண்டு ஒயிலுக்குள் அடித்து நுரைக்க வைக்கும், நுரை பெயரிங்கைக் காக்காது. சமனான தரையில் நிற்பாட்டி, எஞ்சின் நின்று பத்து நிமிடம் விட்டு, துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் நிம்மதி, மேல் கோட்டைத் தொட்டாலும் பிழையில்லை. மிச்சத்தை நன்றாக மூடி டிக்கியில் வையுங்கள், வவுனியாவில் உதவும். அப்புறம் அந்த ஸ்ரிக்கரில் கிலோமீற்றருக்குப் பக்கத்தில் திகதியையும் எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் நீங்களே பேனையால் எழுதுங்கள், மாமா இப்போது கலண்டரிலும் எழுதிக் கொழுவியிருக்கிறார்.

கழற்றின பழைய ஒயிலை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வேலிக் கதியாலுக்கும் வளை மரத்துக்கும் கறையானுக்குப் பூசுவது எங்கள் பழக்கம். மரத்துக்குப் பூசுகிற கொஞ்சத்தோடு நிற்பாட்டுங்கள். மிச்சத்தை வளவுக் கோடிக்குள் ஊற்ற வேண்டாம். எங்களுக்குக் கீழே இருப்பது வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றுகிறது கிணற்றுக்குப் போக அதிக காலம் எடுக்காது, சுன்னாகம் பக்கம் கிணற்றுத் தண்ணியில் எண்ணெய் மிதந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மூடின கானில் விட்டுச் சேர்விஸ் ஸ்ரேசனுக்கே திருப்பிக் கொடுங்கள், பழைய ஒயில் சேர்க்கிற ஆட்கள் அங்கே வருவார்கள்.